உறைக்குக் கொஞ்சம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆய்வகத்தின் நைட்ரஜன் கேன் வாரம் முழுவதும் தாக்குப்பிடிக்கவில்லை.
2. மீதியை வீணாக்காதே என்று அவளிடம் சொன்னேன்.
3. அவள் தினமும் மாலையில் மீதியைக் கேனிலேயே திருப்பி ஊற்றினாள்.
4. திங்கட்கிழமைகளில் நான் எடுக்கும் வளைகோட்டில் ஒரு படி இடம் மாறத் தொடங்கியது.
5. அதை ஆய்வகத்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை.
6. நைட்ரஜன் நீலமாகத் தெரிகிறது என்று அவள் சொன்னாள். ஜன்னல் வெளிச்சம் என்றேன்.
7. நல்ல கரி மூன்று லாட், மோசம் என்று திருப்பி அனுப்பப்பட்டது.
8. கரி இல்லாமல் லைன் அரை ஷிஃப்ட் நின்றது.
9. காரணம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன்.
10. அவள் ஊருக்குப் போனாள்.

கம்பெனியின் படிவத்தில் இதற்கெல்லாம் ஆறு வரிதான் இடம். நான் எழுதிக் கொடுத்ததில் இரண்டாவது, ஐந்தாவது, ஆறாவது இல்லை. எட்டு வரையிலான மற்றவை இருந்தன. கேட்காத ஒன்று கூடுதலாகவும் இருந்தது.

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை ஒரே ஒரு பொருளைத்தான் செய்கிறது. காரின் பெட்ரோல் டேங்கிலிருந்து எழும் ஆவியை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் கறுப்பு டப்பா. அதற்குள் கரி மணிகள். கரி நல்ல கரியா என்று பார்ப்பது ஆய்வகத்தின் வேலை. ஆய்வகம் என்றால் கேன்டீனுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கருவி, ஒரு தராசு, நான், அவள்.

அவள் சங்கரன்கோவில் பக்கம். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு இரண்டு வருடப் பயிற்சிக்கு வந்தவள். எங்கள் தொழிற்சாலையில் பெயரைவிட ஊரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழக்கம். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அதனால் அவள் சங்கரன்கோவில். நான் வாலாஜாபாத். தினமும் வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களின் ஊருக்கு அங்கே மதிப்பில்லை என்பதால் என்னை 'எம்மெஸ்ஸி' என்பார்கள். இயற்பியலில் எம்.எஸ்சி. வாங்கிவிட்டுக் கரி எடை போடுகிறாள் என்ற குத்தலும் அதில் உண்டு.

அவளுக்கு என்ன வேண்டும் என்பது கேன்டீனில் தட்டு கழுவும் அம்மா வரை எல்லோருக்கும் தெரியும். பயிற்சி மார்ச்சில் முடியும்போது ஆய்வகத்தில் ஒரு நிரந்தர இடம் வரும். அது அவளுக்குக் கிடைத்தால், மாமன் மகனோடு பேசி வைத்த கல்யாணத்தை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா ஒத்துக்கொண்டிருந்தார். கிடைக்காவிட்டால் சித்திரையில் கல்யாணம்.

"அவன் கெட்டவன்லாம் இல்லக்கா. நல்லவந்தான்," என்று ஒருநாள் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எனக்குத்தான் அந்த வீட்டுல போயி உக்கார முடியாது. பேசுததுக்கு ஒண்ணுமே இருக்காது. இங்கன்னா இந்த மிசினாவது எதாவது காட்டிக்கிட்டே இருக்கும்."

கருவி காட்டுவது ஒரு வளைகோடு. கரியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, உள்ளிருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, குழாயைத் திரவ நைட்ரஜன் நிரம்பிய ஃபிளாஸ்க்கில் மூழ்கவைப்போம். பிறகு நைட்ரஜன் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவோம். எந்த அழுத்தத்தில் கரி எவ்வளவு வாயுவைத் தன்மேல் பிடித்துக்கொள்கிறது என்று கருவி புள்ளி வைத்துக்கொண்டே போகும். பள்ளிப் புத்தகத்தில் பரப்பு கவர்தல் என்று படித்தது இதுதான். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றின் சுவர்களை எல்லாம் பிரித்து விரித்தால், ஒரு கரண்டிக் கரி ஏறக்குறைய ஒரு ஏக்கர் வரும். முதல் வாரம் இதைச் சொன்னபோது அவள் ஒரு நிமிடம் யோசித்தாள்.

"அப்ப எங்கப்பாவுக்கு ஒரு மூட கரி வாங்கிக் குடுத்துட்டா பண்ணையாராயிருவாவளே."

அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் வாயு வெளியே வரும். ஆனால் ஏறிய கோட்டின் மேலேயே இறங்காது. குறுகிய துளைகளுக்குள் வாயு திரவமாகி அடைத்துக்கொள்வதால், போன வழி வேறு, வரும் வழி வேறு. "ஒன்வேயா இது?" என்றாள். "ஸ்ரீபெரும்புதூர் ஆர்ச்சு கிட்ட ஆட்டோக்காரன் சுத்திச் சுத்திக் கொண்டாருவாம்லா, அதே மாதிரி."

கரியின் வளைகோடு என் வேலை. எனக்குப் பிடித்த வளைகோடு வேறு. கல்லூரியில் ஒன்றரை வருடம் கிராஃபைட்டின் மேல் நைட்ரஜன் என்ன செய்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிராஃபைட் கரியைப் போல் குண்டும் குழியுமானது அல்ல. அணு அணுவாகச் சமதளம். அதன்மேல் வந்து ஒட்டும் முதல் மூலக்கூறுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வழுக்கித் திரியும். அதுவும் வாயுதான், உயரம் மட்டும் இல்லாத வாயு. இன்னும் விட்டால் நெருங்கி, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, ஒரே ஒரு மூலக்கூறு தடிமனில் திரவம்போல் பரவும். பிறகு ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரும். அங்கே அழுத்தம் நகராது, வாயு மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கோடு நிமிர்ந்து ஒரு படி ஏறும். அந்த நேரத்தில் மூலக்கூறுகள் அலைவதை விட்டு, கிராஃபைட்டின் அறுகோணக் கட்டங்களின் மேல் மூன்று கட்டத்துக்கு ஒன்று என்று இடம் பிடித்து உட்கார்ந்துவிடுகின்றன. உறைந்துவிடுகின்றன. நிலைமாற்றம் என்று ஆய்வேட்டில் எழுதினேன். கண்ணால் பார்க்கவே முடியாத, உலகத்திலேயே மெல்லிய பனிக்கட்டி அது. அதன் அடையாளமாக நமக்குக் கிடைப்பது திரையில் விரல்நக உயரத்துக்கு ஒரு படி மட்டும்.

அந்தக் கிராஃபைட் துண்டு இருந்த குழாயைப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். என் மேசை டிராயரில், பழைய துப்பட்டாத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை, கரியைத் தொடுவதற்கு முன், கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதை ஒருமுறை ஓட்டுவேன். படி அதே இடத்தில் வந்தால் கருவி சரி. மேலாளரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். பொய் அல்ல. ஆனால் வாரத்தில் அந்த மூன்று மணிநேரத்துக்காகத்தான் நான் அந்த வேலையில் இருந்தேன். ஏதாவது புதிதாகக் கொண்டுவந்தால் ஜூனில் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

"எங்கக்கா உறையுது?" என்று அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். படியைக் காட்டுவேன். "தயிரு உறைஞ்ச மாதிரி ஆடாம நிக்குமா?" ஆமாம் என்பேன். அதற்குப் பிறகு திங்கட்கிழமைக்கு அவள் வைத்த பெயர் தயிர்க்கிழமை.

போன மழைக்காலத்தில் நைட்ரஜன் சீக்கிரம் தீர ஆரம்பித்தது. மறைமலை நகர்ப் பக்கமிருந்து செவ்வாய்க்கிழமைதான் வண்டி வரும். கேனின் மூடி தளர்ந்து போயிருந்தது. ஞாயிறு தாண்டினால் அடியில் ஒன்றும் இருக்காது. ஒரு திங்கட்கிழமை முழுவதும் சோதனை நின்றது. தரக்கட்டுப்பாட்டு மேலாளர், நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர், கதவில் நின்றபடியே, "செவ்வாய் வரைக்கும் வர்றா மாதிரி பாத்து யூஸ் பண்ணுங்கம்மா, வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல," என்று போய்விட்டார்.

அதுவரை மாலையில் ஃபிளாஸ்க்கில் மிஞ்சுவதை அவள் தரையில் ஊற்றுவாள். அது ஒரு வேடிக்கை. திரவ நைட்ரஜன் தரையைத் தொடாமல், பாதரசக் குண்டுகள்போல் டைல்ஸின் மேல் ஓடி, மேசைக்கடியில் இருக்கும் கரித்தூளை எல்லாம் சுவர் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மறைந்துபோகும். "பெருக்கியாச்சு," என்பாள். அன்றைக்கு அவள் ஃபிளாஸ்க்கைத் தூக்கியபோது நான் சொன்னேன்:

"ஏய், கொட்டாத. வீணாக்காத அத."

"என்ன செய்யக்கா பின்ன?"

"கேன்லயே ஊத்தி வச்சிடு."

அவளுக்கு அது உடனே பிடித்துவிட்டது. "அதுஞ்சரிதான். எங்க வீட்டுல தயிரச் சாப்புட்டு சட்டிய வழிச்சுக் கழுவிர மாட்டோம்லா. உறைக்குக் கொஞ்சம் கெடக்கும்."

அதிலிருந்து கேனில் மிஞ்சுவதற்கு எங்களிடையே உறை என்றே பெயர். "உறை இருக்காடி?" "இருக்குக்கா, ஒரு சாண்." செவ்வாய்க்கிழமை வண்டிக்காரர் வந்து கேனைத் திறந்து டார்ச் அடித்தார்.

"இன்னாம்மா, அடில கொஞ்சம் கீது. கொட்டிட்டு புட்சா புடிக்கட்டா?"

"வேணாண்ணா. அது மேலயே ஊத்துங்க," என்றேன்.

"பழசு மேல புட்சா? எங்க யார்டுல ஒத்துக்க மாட்டான் தெர்தா."

"நைட்ரஜன் கெட்டா போவப் போவுது? ஊத்துங்கண்ணா."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஊற்றினார். அவர் சொன்னது காதில் விழுந்தது. இயற்பியல் படித்தவள் நான். ஆக்சிஜன் திரவமாகும் குளிரைவிடத் திரவ நைட்ரஜன் இன்னும் குளிர்ந்தது. நாள் முழுதும் வாய் திறந்த ஃபிளாஸ்க்கில் நின்றால், காற்றிலிருக்கும் ஆக்சிஜன் அதில் படிந்து திரவமாகிக் கலந்துகொண்டே இருக்கும். நைட்ரஜன் ஆவியாகிப் போகப் போக, ஆக்சிஜன் தங்கிவிடும். மீதியை ஒவ்வொரு நாளும் திருப்பி ஊற்றினால் கேனில் அது சேர்ந்துகொண்டே வரும். சேரச் சேரக் குளிர்ச்சி குறையும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. முதல் வருடத் தேர்வில் எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் என் தலையில் இருந்தது செவ்வாய்க்கிழமைவரை வர வேண்டும் என்பது மட்டும்தான்.

இரண்டாவது திங்கட்கிழமை, படி சற்று வலப்பக்கம் தள்ளி வந்தது. அதாவது உறைவதற்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டது. மூன்றாவது வாரம் இன்னும் தள்ளி, உயரமும் குறைந்து வந்தது. நான் மறுபடி ஓட்டினேன். அதே இடம்.

கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. படி நகர்ந்தால் ஏதோ சரியில்லை என்று பொருள். கரிச் சோதனையை நிறுத்தி, சாரிடம் சொல்லி, காரணம் தேட வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மூன்று வளைகோடுகளையும் போனில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். கிராஃபைட்டின் பரப்பில் ஏதோ மெதுவாக மாறுகிறது, அதனால் மூலக்கூறுகளின் ஒழுங்கு மாறுகிறது, இதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்க விரும்பினேன். நான்காவது வாரமும் நகர்ந்தது. வளைகோடுகளைப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டு, வேறு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அந்த ஒரு மாதம் போல் சமீபத்தில் நான் சந்தோஷமாக இருந்ததில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த வாரம்தான் அவள் கேனுக்குள் எட்டிப் பார்த்தபடி கூப்பிட்டாள்.

"எக்கா, இங்க வந்து பாருங்களேன். இது என்னமோ நீலமா இருக்கு."

"நைட்ரஜனுக்கு ஏது நெறம்?"

"இல்லக்கா. வேட்டிக்கு நீலம் போட்ட தண்ணி இருக்கும்லா, அந்த மாதிரி. லேசா."

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. திரையில் படி ஏறிக்கொண்டிருந்தது. "ஜன்னல் வெளிச்சம்டி. மூடு, ஆவியாயிடும்."

மூடிவிட்டாள். திரவ ஆக்சிஜன் வெளிர்நீல நிறம். அதுவும் எனக்குத் தெரியும்.

கரியின் கணக்கு அதற்குள் கெட்டுப்போயிருந்தது. குளிர்ச்சி குறைந்தால் கரியும் வாயுவைக் குறைவாகத்தான் பிடிக்கும். நைட்ரஜனின் ஆவியழுத்தத்தைத் தானே அளந்துகொள்ளும் சிறுகுழாய் எங்கள் கருவியில் அடைத்துப்போய் வெகுநாளாகிறது. அந்த இடத்தில் எப்போதும் ஒரே எண்ணைத்தான் நாங்கள் கையால் இடுவோம். எனவே கருவிக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நல்ல கரியெல்லாம் மட்டமான கரியாகத் தெரிந்தது. மூன்று லாட்டைத் திருப்பி அனுப்பினோம். மூன்றும் சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் சோதித்தவை, அதாவது கேனின் கடைசி நாட்களில். ஒரு பட்டியல் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்திருக்கும். வாங்க வேண்டிய மளிகையிலிருந்து எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறவள், அதற்குப் போடவில்லை.

கரி கொடுப்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே ஓர் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தார். கரி நன்றாக இருந்தது. இதற்குள் ஒரு புதன்கிழமை கரித் தொட்டி காலியாகி லைன் நின்றது. லைன் நிற்பது என்றால் என்ன என்று இந்தச் சாலையில் வேலை பார்க்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெல்ட்டின் சத்தம் நின்றதும் கேன்டீனிலிருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் காரண அறிக்கை வேண்டும் என்று வியாழன் மாலை சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போது பேராசிரியரின் பதில் வந்தது. ஒரே வரி. மாதிரி மூழ்கியிருந்த நைட்ரஜனின் வெப்பநிலையை எதை வைத்து அளந்தாய் என்று கேட்டிருந்தார்.

பஸ் ஒரகடம் மேம்பாலத்தில் நின்றுகொண்டிருந்தது. கண்டெய்னர் லாரிகள் முன்னால் நகரவில்லை. அந்த வரியை நான் இரண்டாவது முறை படிக்க வேண்டியிருக்கவில்லை. கேன், மூடி, உறை, நீலம், படி, கரி எல்லாம் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. இத்தனை வாரம் அலைந்தவை.

போனதும் கேனைப் பின்பக்கம் எடுத்துப்போய், கரியில்லாத சிமெண்டுத் தரையில் கவிழ்த்தேன். கடைசியாக வந்தது நீலமாகத்தான் இருந்தது. பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து கடனாக ஒரு ஃபிளாஸ்க் புது நைட்ரஜன் வாங்கி, கிராஃபைட்டை ஓட்டினேன். படி முதல் வாரத்து இடத்தில், முழு உயரத்தில் வந்தது. கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஒரு மாதமாக அந்தப் படி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: நைட்ரஜன் சூடாகிறது, பார்.

அறிக்கைப் படிவத்தில் காரணத்துக்கு நான்கு கட்டங்கள். மேன், மெஷின், மெட்டீரியல், மெத்தட்; தவறு ஆளிலா, கருவியிலா, பொருளிலா, முறையிலா என்று. ஒன்றில் டிக் போட வேண்டும். நான் மெத்தட் என்று பென்சிலில் போட்டு எடுத்துப்போனேன்.

"இன்னாம்மா இது, மெத்தட்?" என்றார் சார்.

"மீதிய என்ன பண்ணணும்னு ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன்ல ஒரு வரி கூட இல்ல சார்."

"மெத்தட்னு போட்டா இன்ஸ்ட்ரக்‌ஷன மாத்தணும். மாத்துனா கஸ்டமருக்கு லெட்டர் போவணும். அப்பால அவன் ஆடிட்டுனு வந்து மூணு நாளு ஒக்காந்துக்குவான். அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதுனது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப?"

அவர் பென்சில் டிக்கின்மேல் விரலை வைத்தார்.

"திருப்பி ஊத்துனது யாரு?"

"சங்கரன்கோவில்."

"நீ ஊத்தச் சொன்னியா?"

"வீணாக்காதனு சொன்னேன் சார்," என்றேன். அது உண்மை. ஆனால் அதற்கு அடுத்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை.

"அவ்ளோதானே. மேன்ல போடு. ட்ரெய்னிக்கு க்ளாஸ் எடுத்தோம்னு ஒரு கையெழுத்து வாங்கி வை. யாரு வேலையும் போவாது, பயப்படாத."

பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவில் டிக் போட்டேன். மேன் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் அவள் பெயர், பயிற்சி எண்.

அவர் சொன்னதை நம்பினேன். ஒரு வகுப்பு, ஒரு கையெழுத்து, முடிந்தது. அதோடு எழுந்திருக்கலாம். ஆனால் கடைசியில் 'பிற கவனிப்புகள்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தை அப்படியே விட்டு எனக்குப் பழக்கம் இல்லை. மனம் ஏற்கனவே கறைபட்டிருந்ததால், எழுதுவதிலாவது ஒழுங்காக இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். ஆக்சிஜன் சேர்ந்த திரவம் கரி இருக்கும் அறையில் வைக்கப்பட்டிருந்தது, இது தீப்பிடித்து வெடிக்கக்கூடிய நிலை என்று தெளிவான கையெழுத்தில் எழுதினேன். அறிவியல்படி ஒவ்வொரு சொல்லும் சரி.

அந்தக் கட்டத்தில் எதுவும் எழுதியிருந்தால் அறிக்கையின் ஒரு பிரதி பாதுகாப்புப் பிரிவுக்குப் போகும். பயிற்சியாளர்மேல் பாதுகாப்பு மீறல் பதிவானால் நிரந்தரம் கிடையாது, பயிற்சியும் அன்றோடு முடியும். இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு பக்கம் புரட்டினால் போதும், அந்தப் படிவத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது.

திங்கட்கிழமை சார் என்னைக் கூப்பிட்டு, கத்தாமல் கேட்டார். "அத எழுதச் சொல்லி யாருமா கேட்டாங்க ஒன்ன?"

யாரும் கேட்கவில்லை.

அவளை நான் கடைசியாகப் பார்த்தது பென்னலூரில், அவள் தங்கியிருந்த விடுதி வாசலில். காலை பத்து மணி. ஷிஃப்ட் நேரமாதலால் தெருவில் ஆள் இல்லை. மொட்டைமாடிக் கயிறுகளில் நாலைந்து கம்பெனியின் சீருடைகள் கலந்து காய்ந்துகொண்டிருந்தன. ஒரு தோள்பையும், வாய் கட்டிய ஒரு வாளியும் வைத்திருந்தாள். வாளிக்குள் செருப்பு, சோப்பு டப்பா, ஒரு சின்னக் கண்ணாடி.

"லீவு போட்டா வந்திய?" என்றாள்.

"பர்மிஷன்."

"ஒரு மணிநேரமா, ரெண்டா?"

"ரெண்டு."

"எனக்குப் போயி ரெண்டு மணிநேரத்த வீணாக்கிட்டியளே." சிரித்தாள். அந்தச் சொல்லை வேண்டுமென்று சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் மூன்று. முதலாவதை எடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

"எக்கா, நீலமா இருக்குன்னு ஒங்ககிட்ட சொன்னேம்லா. அத எழுதலியா?"

"அதுக்கு ஃபார்ம்ல எடம் இல்லடி."

என் வாயிலிருந்து அதுதான் வந்தது. அவள் தலையை ஆட்டினாள், அளவை எண் சொன்னால் குறித்துக்கொள்ளும்போது ஆட்டுவதைப்போல. "சரிக்கா. எனக்குக் கையெழுத்துப் போடச் சொன்ன தாள்ல ஒங்க எழுத்தப் பாத்தேன். முத்து முத்தா இருந்துச்சு," என்றாள். "அந்தக் குழாயப் பத்திரமா வச்சுக்கிடுங்க. புதுசா வர்ற பிள்ளைக்குக் காட்டுங்க, படிக்கட்ட."

ஷேர் ஆட்டோ வந்தது. வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பஸ் ஸ்டாண்ட் வரை வருகிறேன் என்றதற்கு, "வேண்டாம்க்கா, ஒங்க பர்மிஷன் முடிஞ்சுரும்," என்றாள்.

அதற்குப் பிறகு நான் அழைத்த நான்கு முறையும் அவள் எடுக்கவில்லை. ஐந்தாவது முறை அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

இன்றைய நிலை இது. கேனுக்குப் புது மூடி வந்திருக்கிறது. மாலையில் மிஞ்சும் நைட்ரஜனைப் பின்பக்கம் எடுத்துப்போய்க் கொட்டுகிறோம். தரையில் ஊற்றி யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. 'மீதியைக் கேனில் திருப்பி ஊற்றக் கூடாது' என்று லேமினேட் செய்த தாள் சுவரில் இருக்கிறது. அதன் அடியில், தயாரித்தவர் என்ற இடத்தில், என் கையெழுத்து. ஆய்வகத்தின் நிரந்தர இடத்தை நிரப்பவில்லை. சித்திரையில் அவளுக்குக் கல்யாணம் நடந்துவிட்டது. விடுதித் தோழி ஒருத்தி போட்டோ அனுப்பினாள். நான் பேராசிரியருக்குப் பதில் எழுதவில்லை, ஜூனும் போய்விட்டது. திங்கட்கிழமைகளில் படி அதன் இடத்தில் வருகிறது.

மூடப்பட்ட அறிக்கையைத் திருத்தக் கேட்டு ஒரு படிவம் உண்டு. அதை வாங்கி டிராயரில், கிராஃபைட் குழாய்க்குக் கீழே வைத்திருக்கிறேன். இன்னும் நிரப்பவில்லை. அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் அவள் பெயர்தான் இருக்கிறது.